முன்சக்கரத்தின் இடப்பக்கம்

ஜூன் 3

அண்ணாவுக்கு,

போன் செய்யலாம் என்றுதான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். செய்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ "ம்" என்பாய். நானும் "ம்" என்பேன். அண்ணி போனை வாங்கி, "ரெண்டு பேரும் கதை கேக்குறீங்களா, சண்டை போடுறீங்களா?" என்று கேட்பார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன் மோட்டார் சைக்கிள் ரொட்டி வேனில் மோதியதில் என் தாடையில் போட்ட மூன்று தையலும் ஆறிவிட்டன. மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. தையல் கோணல் என்று நீ சொன்னது சரிதான். தையல் மெஷின் பழுது பார்க்கிறவன் கண்ணுக்கு எந்தத் தையல்தான் நேராகத் தெரியும்.

அன்று ரயில் நிலைய வாசலில், அத்தனை பேர் முன்னால், "அந்தப் பழைய இரும்பைக் காயலான் கடையில போடு. அது இருக்கிற வரைக்கும் நான் வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொன்னேன். நீ, "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். மூன்று மாதம் ஆகிறது. அண்ணிக்கு ஆகஸ்ட் கடைசியில் பிரசவம் என்று அம்மா சொன்னாள். நான் வர வேண்டும். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வண்டியை விற்கச் சொல்லி இதை எழுதவில்லை. முன் பிரேக்கை மட்டும் மாற்று. உன் வண்டியின் பிரேக் டிரம்முக்குள் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற இரண்டு ஷூ பிறை வடிவத்தில் இருக்கின்றன. சக்கரம் சுழலும்போது ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் இறுகப் பிடிக்க வைக்கும். இன்னொன்றை அதே சுழற்சி தள்ளிவிடும். ஆக, உனக்கு உழைப்பது ஒன்றுதான். இரண்டு ஷூவும் சேர்ந்து பிடிக்கிற பிளேட் அந்தக் காலத்திலேயே வந்திருக்கிறது. அதே டிரம்முக்கு அப்படியே பொருந்தும். சக்கரத்தை மாற்ற வேண்டாம், வெளியே பார்த்தால் வித்தியாசமும் தெரியாது.

நிற்காத வண்டி இருக்கும்வரை வரமாட்டேன். நின்றால் வருவேன்.

தங்கை


ஜூன் 11

ஊமைக்கோட்டானுக்கு,

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். சிவப்பு மையில திருத்தி அனுப்பாத.

லெட்டர் கிடைச்சது. ரெண்டு பக்கம் எழுதியிருக்க. வீட்ல இருந்தப்ப மொத்தமா ரெண்டு பக்கம் பேசியிருப்பியான்னு அம்மா கேக்குறாங்க.

அந்த வண்டிய நான் என்ன நிலைமையில வாங்கினேன்னு உனக்குத் தெரியும். ரெண்டு சாக்குப் பையில கட்டிக் கொண்டுவந்தேன். டேங்க்ல கோழி அடை காத்திருந்துச்சு. பதினோரு வருஷமா ஒவ்வொரு நட்டா தேடித்தேடி மாட்டினேன். ஒரு போல்ட்டு கூட வெளி போல்ட்டு கிடையாது. பழைய வண்டிக்காரங்க கூடுற இடத்துக்குப் போனா என் வண்டி முன்னாடிதான் உக்காந்து பாப்பாங்க. உன் பட்டம் கண்ணாடி போட்டுச் சுவத்துல தொங்குது. என்னோடது முற்றத்துல நிக்குது. அதப் போயி இரும்புன்னு சொல்லிட்ட.

பிரேக்குக்கு ஒண்ணும் கொறை இல்ல. அன்னைக்கு நான்தான் வேகமா வந்துட்டேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் அம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். ரொட்டி வேன்காரர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். தப்பு என்மேல, வண்டி மேல இல்ல.

அண்ணி நல்லா இருக்கா. கால் வீங்குது. நான் ஞாயித்துக்கிழமை வண்டியத் தொடைச்சா, "சக்களத்திக்குத் தலை வாரி விட்டாச்சா?"ன்னு கேக்குறா. உன்னப் பாக்கணுமாம்.

அண்ணன்


ஜூன் 19

அண்ணாவுக்கு,

நீ வேகமாக வரவில்லை. பின்னால் உட்கார்ந்து உன் தோளுக்கு மேலே எட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முள் முப்பதில்தான் இருந்தது. முப்பதில் வந்த வண்டி நிற்காமல் போய் வேனுக்கு அடியில் சக்கரத்தை நுழைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் முதல் கடிதமே எழுதத் தொடங்கினேன், வராமல் போய்விட்டது.

அன்று காலையில் வாசலில் என் பெட்டியை வைக்கும்போது உன் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. நேராகத் திருப்பி வைக்கப் போனேன். இடது செருப்பு புதிது மாதிரி இருந்தது. வலது செருப்பின் குதிகால் அப்பளம் மாதிரி தேய்ந்திருந்தது. பக்கத்திலேயே அலமாரிக்கு அடியில் பழைய ஜோடி ஒன்று. அதிலும் வலது குதிகால்தான். உடனே புரிந்தது. நீ காலால் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறாய். இந்த ஒரு ஜோடி மட்டும் அல்ல, எத்தனையோ மாதமாக.

பார்த்தேன். புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கேட்டால் நீ கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். என்னால் யாரிடமும் எதையும் கேட்க முடிவதில்லை, உனக்குத் தெரியும். அப்புறம் அடிபட்டதும் என்மேல் வந்த கோபத்தைத்தான் ரயில் நிலையத்தில் உன் வண்டிமேல் காட்டினேன். இரும்பு என்று சொன்னது தப்பு.

தினமும் தையல் கூடங்களுக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போகிறாய். பின்னால் பதினைந்து கிலோ கருவிப்பெட்டி. இன்னும் இரண்டு மாதத்தில் உனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. செருப்பை நம்பிப் போகாதே.

தங்கை


ஜூன் 24

ஊமைக்கோட்டான்,

செருப்பையா பாத்த.

உன் லெட்டரைப் படிச்சிட்டு அலமாரிக்கு அடியில கை விட்டுப் பாத்தேன். மூணு ஜோடி இருந்துச்சு. நாலாவது கால்ல. அண்ணி பின்னாடி நின்னுக்கிட்டு, "என்ன தேடுறீங்க?"ன்னா. ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அவ எடுத்து வரிசையா வச்சா. கேலி பண்ணல. அவ கேலி பண்ணாம விட்டு நான் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் சாப்பாடு போடுறப்ப மட்டும், "புள்ளைக்கு அப்பா வேணுங்க"ன்னா. அவ்வளவுதான்.

எட்டு மாசமா தெரியும். ஷூ மேல இருக்கிற லைனிங் தேஞ்சு அடியில ரிவிட் ஆணி தெரியுது. புதுசா ஒட்டினாலும் பெருசா பிடிக்காது, அந்த வண்டி பிரேக்கே அப்படித்தான், அது பொறந்த காலத்துல ரோட்டுல ஆளே கிடையாது. மாத்தலாம்னு நானும் நினைச்சேன். கூட்டத்துல எல்லார் முன்னாடியும், ஒரு நட்டு கூட மாத்தலன்னு சொன்ன வாய். அதான்.

நீ சொன்ன பிளேட்டு இங்க கிடைக்கல. மூணு இடத்துல கேட்டுட்டேன். உன் ஊர்ல பழைய சாமான் கடைத்தெரு இருக்குன்னு கேள்வி. நீயே பாத்து வாங்கி அனுப்பு. எனக்கு இதப்பத்தித் தெரியாது, தினமும் லிஃப்ட் பிரேக் பாக்குற உனக்குத் தெரியும்.

வாங்கி அனுப்புற வரைக்கும் பஸ்ல போறேன். கருவிப்பெட்டியோட. கண்டக்டர் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கேக்குறார்.

அண்ணன்


ஜூலை 8

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் பார்சலுக்குள் இருக்கிறது. மேலே சுற்றியிருப்பது என் பழைய துப்பட்டா, தூக்கிப் போடாதே.

இரண்டு சனிக்கிழமைதான் அலைந்தேன். ஆனால் எனக்கு நான்கு மாதிரி இருந்தது. அந்தத் தெரு முழுக்க ஆண்கள். எல்லாக் கடையிலும் ஒரே சத்தம். முதல் சனிக்கிழமை வாசல் வரைக்கும் போய் நின்று, கடைகளின் பெயர்ப் பலகைகளை எல்லாம் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது சனிக்கிழமை உள்ளே போனேன். அண்ணி வண்டிமேல் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "வண்டி யாருது?" என்றார். என் அண்ணனுடையது என்றேன். "நல்லா வச்சிருக்காரு" என்றார். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

பிளேட் நல்ல நிலையில் இருக்கிறது. ஷூ இரண்டும் புது லைனிங். வெளியே, ஷூக்களை விரிக்கிற இரண்டு லிவரையும் சேர்க்கிற கம்பி ஒன்று இருக்கிறது. அதன் நீளத்தைச் சரியாக வைத்தால்தான் இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொடும். ஒன்று முந்தினால் இன்னொன்று சும்மா இருக்கும்.

நானாகத் தேடி, நானாகப் பேசி வாங்கிய முதல் பொருள் இது. அலுவலகத்தில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். லிஃப்ட் ஆய்வு அறிக்கையைப் பற்றித்தான் பேசினேன்.

தங்கை


ஜூலை 14

ஊமைக்கோட்டானுக்கு,

பார்சல் வந்துச்சு. கையில எடுத்ததுமே தெரியுது, நல்ல வார்ப்பு. கிண்ணுன்னு சத்தம் வருது. கடைத்தெருவுல நீ நின்னு பேசினேன்னு சொன்னா அம்மா நம்பல. பில்லைக் காட்டினேன்.

மாட்டிப் பாத்தேன், டிரம்முக்குள்ள கச்சிதமா உக்காருது. ஒண்ணே ஒண்ணுதான். கேபிள் மேலருந்து வரணும், இதுல லிவர் திரும்பி நிக்குது, கீழருந்து சுத்தி வர வேண்டியிருக்கு. பிளேட்டைப் பிடிச்சு நிறுத்துற காதும் எதிர்ப்பக்கம் இருக்கு. பரவாயில்ல. ஒரு பட்டைய வளைச்சு பிராக்கெட் செஞ்சுக்கறேன். நீ பாத்து வாங்கினது தப்பா இருக்காது.

ஞாயித்துக்கிழமை முழுசா மாட்டிடுவேன். திங்கக்கிழமை பெரிய தையல் கூடத்துல இருபது மெஷின் பாக்கணும், வண்டியிலதான் போகணும். இனிமே பஸ்ல போனா கண்டக்டர் என் பெட்டிக்குப் பொண்ணு பாத்துடுவார்.

அண்ணன்


ஜூலை 22

அண்ணாவுக்கு,

நேற்று போனில் நான் கத்தியதை அண்ணியிடம் சொல்லியிருப்பாய். மன்னித்துக்கொள்ளச் சொல். "வண்டியை எடுக்காதே" என்று அலுவலக வராந்தாவில் நின்று கத்தினேன். எல்லா அறைக் கதவும் திறந்தது. ஒன்றரை வருடமாக என்னோடு வேலை பார்க்கிறவர்கள் என் குரல் இப்படித்தான் இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

உன் கடிதம் திங்கட்கிழமை மதியம்தான் கைக்கு வந்தது. கேபிள் கீழிருந்து வருகிறது, காது எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்தேன். ஒரு தாளில் சக்கரத்தை வரைந்து அம்புக்குறி போட்டேன். இரண்டாவது அம்புக்குறியிலேயே கை நின்றுவிட்டது.

அந்தக் கடையில் அவர் என்னிடம், "எந்தப் பக்கம்மா, வலதா, இடதா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். படத்தில் பிரேக் வலது பக்கம் இருந்தது. "வலது" என்றேன். படம் முன்னால் நின்று எடுத்தது. வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் அது இடது. "எங்கே நின்னு பாத்தா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுவார்களோ என்று கேட்கவில்லை.

லிஃப்ட் பிரேக்கைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். அது ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி பிடிக்கும். அதனால் பிரேக்குக்குத் திசை உண்டு என்ற நினைப்பே என் தலையில் இல்லை. நான்தான் முதல் கடிதத்தில் சக்கரம் இழுக்கும், தள்ளும் என்றெல்லாம் உனக்குப் பாடம் எடுத்தேன். பக்கம் மாறினால் இரண்டு ஷூவையும் சக்கரம் தள்ளிவிடும். பழைய பிரேக்கை விட மோசம்.

ஐந்து முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. அதற்குள் அந்தச் சந்திப்பு, ரொட்டி வேன், உன் கருவிப்பெட்டி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆறாவது முறை எடுத்து, "தெரியும். தள்ளிப் பாத்துட்டேன். பஸ்லதான் வந்தேன்" என்றாய். அந்த மூன்று வாக்கியத்துக்கு அப்புறம் நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. மேலதிகாரி அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திட்டி எழுது. அப்போதுதான் எனக்குச் சரியாகும்.

தங்கை


ஜூலை 26

ஊமைக்கோட்டானுக்கு,

இனிமே இந்தப் பேர் செல்லாது போல. அந்தத் தையல் கூடத்துல இருபது பொண்ணுங்க மெஷின் ஓடுது. அந்தச் சத்தத்துக்கு மேல உன் சத்தம் கேட்டுச்சு.

திட்டல்லாம் முடியாது. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

ஒரு மெஷினைப் பிரிச்சுப் பூட்டினா நான் உடனே மோட்டாரைப் போட மாட்டேன். கையால பத்துச் சுத்து சுத்துவேன். பத்துன்னா பத்து, ஒன்பது கிடையாது. எந்தப் பக்கம் சுத்தணும்னு பாத்துதான் சுத்துவேன். மாத்திச் சுத்தினா நூல் சிக்கிக்கும். இருபது வருஷப் பழக்கம், கை தானா செய்யும்.

ஞாயித்துக்கிழமை பிரேக் மாட்டி முடிச்சதும் அதே மாதிரி என்ஜினைப் போடாம, லிவரைப் பிடிச்சுக்கிட்டு முற்றத்துல முன்னாடி தள்ளினேன். வழுக்கிட்டே போகுது. கேபிளை இறுக்கினேன். மறுபடி வழுக்குது. சலிச்சுப்போயி பின்னாடி இழுத்தேன். ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. பத்து தடவை பாத்தேன். முன்னாடி போனா விட்டுடுது, பின்னாடி வந்தா பிடிச்சுக்குது. அண்ணி வாசப்படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. "சக்களத்தி பொறந்த வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கு மட்டும் பிரேக் போட்டிருக்கா போல"ன்னா. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பக்கம் மாறியிருக்கு.

உனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே ரெண்டு லெட்டர் எழுதிக் கிழிச்சேன். முத முதலா நீயா போய் வாங்கினது. தப்புன்னு சொன்னா மறுபடி எந்தக் கடை வாசலையும் மிதிக்க மாட்டியோன்னு யோசிச்சேன். அதுக்குள்ள நீயே கண்டுபிடிச்சு அஞ்சு தடவை அடிச்சுட்ட.

பிராக்கெட் செய்யுறப்பவே எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. ஒரிஜினலா வந்த சாமானுக்கு எதுக்கு பிராக்கெட் செய்யணும்னு. படிச்ச பொண்ணு வாங்கினது, தப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன். நீ பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்கன்னு கேக்கல. நான் உன்கிட்ட கேக்கல. ரெண்டு பேரும் ஒரே அச்சு.

செருப்பைப் பாத்தும் சொல்லாம ஏறி உக்காந்தேன்னு எழுதியிருந்த. அது அப்ப. இப்ப வராந்தாவுல நின்னு கத்திட்டல்ல. அந்தக் கணக்கு தீந்துச்சு, இனிமே அதை எடுக்காத.

பிளேட்டைத் துடைச்சு உன் துப்பட்டாவுலயே சுத்தி அனுப்பியிருக்கேன். மாத்திட்டு வா. வண்டியில உக்காந்து பாத்தா இடது. இடது. இடது.

அண்ணன்


ஆகஸ்ட் 4

அண்ணாவுக்கு,

மாற்றிவிட்டேன்.

கடைக்காரர் பார்த்ததும், "அன்னைக்கே கேட்டேனேம்மா" என்றார். "நீங்க கேட்டீங்க. நான்தான் தப்பா சொன்னேன். ஓட்டுறவர் உக்காந்து பாத்தா இடது பக்கம்" என்றேன். அன்றும் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள், இந்த முறை ஆறு பேர். ஒருவர், "சீக்கிரம்மா" என்றார். "ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். இருந்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இடது பக்கத்துப் பிளேட் அவரிடம் கடையில் இல்லை. கிடங்கில் போய்த் தேடி அரைமணி நேரம் கழித்து எடுத்து வந்தார். நான் விடவில்லை. பிளேட்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று விரலால் காட்டிக் காட்டி, இரண்டு ஷூவையும் சரிபார்த்தேன். லிஃப்ட் ஆய்வில் இப்படித்தான் பார்ப்போம் என்றேன். "லிஃப்டுல வேலை பாக்குறீங்களா, போலீஸ்லயா?" என்று கேட்டார்.

கேபிள் மேலிருந்து வரும். காது சரியான பக்கம் இருக்கிறது. பிராக்கெட் செய்ய வேண்டி வந்தால் செய்யாதே, எனக்கு போன் செய்.

நீ பத்து முறை தள்ளிப் பார். நான் இங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

தங்கை


ஆகஸ்ட் 13

தங்கச்சிக்கு,

நிக்குது.

முதல்ல மாட்டுனப்ப பாதிதான் பிடிச்சுது. துணியில கோடு போடுற டெய்லர் சாக்பீஸை டிரம்முக்குள்ள தடவி, சக்கரத்தை மாட்டிச் சுத்தி, லிவரைப் பிடிச்சிட்டுத் திறந்து பாத்தேன். லைனிங்ல எங்க தொடுதோ அங்க மட்டும் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. மேடா இருந்த எடத்தை ராவி ராவி நாலு தடவை பாத்தேன். அப்புறம் ரெண்டு லிவரையும் சேர்க்கிற அந்தக் கம்பி. தையல் மெஷின்ல ஊசியும் கீழ இருக்கிற கொக்கியும் சந்திக்கிற நேரத்தை வைக்கிற மாதிரிதான் அதுவும். உனக்கு அது கணக்கு, எனக்கு அது தினசரி வேலை. ரெண்டு ஷூவும் ஒண்ணா தொடுற சத்தம் ஒரே சத்தமா கேக்கும். கேட்டுச்சு.

கையால பத்துத் தடவை தள்ளினேன். அப்புறம் முற்றத்துல, அப்புறம் தெருவுல. மேட்டுல நிறுத்திப் பின்னாடி உருள விட்டா இது பிடிக்காது, பின் பிரேக்கைத்தான் மிதிக்கணும். தெரிஞ்சுக்கிட்டேன்.

நேத்து அதே சந்திப்புல சிக்னல் விழுந்துச்சு. முன்னாடி யாருன்னு நினைக்குற. அதே ரொட்டி வேன். முப்பதுலதான் வந்தேன். ரெண்டு விரலால லிவரைப் பிடிச்சேன். முன்பக்கம் லேசா குனிஞ்சு நின்னுடுச்சு. கால் ரெண்டும் மேலயே இருக்கு, கீழ வைக்கணும்னு தோணவே இல்ல. நின்னப்புறம்தான் வச்சேன். வேன்காரர் கண்ணாடியில என்னப் பாத்துட்டுக் கதவைத் திறந்து குதிச்சு ஓடி வந்தார். நான் இறங்கி டேப்பை எடுத்து வேனுக்கும் என் சக்கரத்துக்கும் நடுவுல வச்சு அளந்துக்கிட்டு இருந்தேன். மூணடி எட்டு அங்குலம். "என்னங்க, என் வண்டிக்கு சட்டை தைக்கப் போறீங்களா?"ன்னார். ரெண்டு பேரும் நடு ரோட்டுல நின்னு சிரிச்சோம். பின்னாடி ஒரே ஹாரன்.

கூட்டத்துல போயி, முன் பிரேக் மாத்தியாச்சு, என் தங்கச்சி மாத்தச் சொன்னான்னு சொன்னேன். ஒருத்தர் மூஞ்சியச் சுளிச்சார். மத்தவங்க எல்லாம் உக்காந்து பிரேக்கையே பாத்தாங்க. மூணு பேர் கடை விலாசம் கேக்குறாங்க. இடதா, வலதான்னு சரியா சொல்லணும்னு சொல்லியிருக்கேன்.

பழைய பிளேட்டை எண்ணெய் போட்டு எடுத்து வச்சிருக்கேன். அண்ணி பழைய செருப்பெல்லாம் எடுத்து வச்சிருக்கா, நீ வந்ததும் காட்டி என்னைக் கேலி பண்ண. பிரசவம் இருபத்தஞ்சாம் தேதிக்குள்ளன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அண்ணாவுக்கு,

மூன்று வாரம் விடுப்பு கேட்டேன். எதற்கு என்று மேலதிகாரி அம்மா கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், பிரேக்கிலிருந்து ஆரம்பித்து. நடுவில் அவர் இரண்டு போன் அழைப்பை எடுக்காமல் விட்டார். கடைசியில், "மூணடி எட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உன் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பும்படி அண்ணியிடம் போனில் கேட்டிருந்தேன், அது வந்தது. அந்த அளவுக்குச் செருப்பு வாங்கிவிட்டேன். அடுத்த வருஷம் திருப்பிப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும்.

இருபத்தொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ரயில் அங்கே வந்து சேரும். ஒரு பைதான், மடியில் வைத்துக்கொள்வேன். ஆட்டோவெல்லாம் வேண்டாம்.

வண்டியிலேயே வா.

தங்கை